ஒரு லிட்டர் கரியும் ஒரு கொள்கலன் கரியும்

தூளாகவோ குருணையாகவோ இருக்கும் ஒரு வேதிப்பொருள் எத்தனை டிகிரியில் தானாகத் தீப்பற்றும் என்று கேட்பவர்களிடம், எவ்வளவு பொருள் என்று நான் திருப்பிக் கேட்பது வழக்கம். பலருக்கு இது கேள்வியைத் தட்டிக்கழிப்பதுபோலத் தோன்றுகிறது. ஒரு குவளைத் தண்ணீரானாலும் ஒரு தொட்டித் தண்ணீரானாலும் 100 டிகிரியில்தான் கொதிக்கிறது. அப்படியிருக்கத் தீப்பற்றும் வெப்பநிலைக்கு மட்டும் அளவு எதற்கு என்று நினைக்கிறார்கள். அந்த நினைப்பில் தவறில்லை. சிங்கப்பூரின் மேற்குப் பகுதியில், தொழிற்பேட்டை ஒன்றில் இருக்கும் சோதனைக்கூடத்தில் திண்மப் பொருள்களைச் சூடுபடுத்திப் பார்ப்பதையே பல ஆண்டுகளாக வேலையாகக் கொண்டிருக்கும் எனக்கு உறுத்தலாக இருப்பது வேறொன்று. அளவைப் பற்றிய கேள்வியை யாரும் கேட்காமலே எங்கள் அறிக்கைகள் கைமாறிப் போகின்றன.

இந்த உறுத்தல் கரியில் தொடங்கியது. இந்தோனேசியாவில் கொட்டாங்கச்சியைச் சுட்டுக் கரியாக்கி, அரைத்து, கட்டிகளாக அழுத்தி மத்தியக் கிழக்குக்கு ஏற்றுமதி செய்கிறார்கள்; அதில் ஒரு பங்கு நம் துறைமுகத்தில் கப்பல் மாறிச் செல்கிறது. அப்படிப்பட்ட ஒரு சரக்கின் சோதனை முடிவுக்காகக் காத்திருந்த சரக்கு முகவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "அண்ணே, பாஸா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க. கப்பல்காரன் வேற ஒன்னும் கேக்க மாட்டான்" என்றார். விதிப்படி அந்த மாதிரி தேறியிருந்தது, அதைச் சொன்னேன். அவர் நன்றி சொல்லி இணைப்பைத் துண்டித்த பிறகும் அந்த மாதிரியின் வெப்பநிலைக் கோடு என் திரையில் இருந்தது. 140 டிகிரியில் வைத்த அடுப்புக்குள் அந்தக் கரியின் நடுப்பகுதி 170க்கும் மேலே ஏறி, சற்று நேரம் அங்கேயே நின்று, பிறகு மெல்ல இறங்கியிருந்தது. வெளியிலிருந்து கிடைக்காத முப்பது டிகிரிக்கு மேற்பட்ட சூட்டை அந்தக் கரி தானே உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. விதியின் வரம்பான 200ஐ எட்டவில்லை என்பதால் அது "எதிர்மறை". நான் எழுதிய சொல் சரியானதுதான். ஆனால் முகவர் காதில் வாங்கிக்கொண்டது அந்தச் சொல்லை அல்ல, "ஆபத்தில்லை" என்பதை.

24 மணி நேரம்

ஐக்கிய நாடுகள் சபையின் சோதனைக் கையேட்டில் என்.4 என்ற எண்ணில் இருக்கும் இந்தச் சோதனை பார்வைக்கு மிக எளியது. துருப்பிடிக்காத எஃகுக் கம்பிவலையில் செய்த, பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர் கொண்ட கனசதுரக் கூடை ஒன்று. அதன் வலைக்கண் 0.05 மில்லிமீட்டர்தான் என்பதால் கையில் எடுத்தால் வலை என்றே தோன்றாது, விறைப்பான துணிபோல இருக்கும். பொருளை அதில் விளிம்புவரை நிரப்பி, சில முறை தட்டி, இறங்கினால் இன்னும் கொஞ்சம் போட்டு, குவிந்திருந்தால் மட்டமாக வழித்துவிட வேண்டும். இந்தத் தட்டுதலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, ஆனால் அனுபவமுள்ள கையும் புதிய கையும் வேறுபடுவது இங்கேதான்: அதிகம் தட்டினால் பொருள் இறுகி உள்ளே காற்று குறைகிறது, தட்டாமல் விட்டால் பாதிக் கூடை வெற்றிடம். கூடையைச் சற்றே பெரிய இன்னொரு வலைக்குள் வைத்து, அடுப்பின் நடுவில் தொங்கவிடுகிறோம். வெப்பநிலையை அளக்கும், கூந்தல் இழையைவிடச் சில மடங்கே தடித்த தெர்மோகப்பிள் கம்பி ஒன்று பொருளின் நட்டநடுவில், மற்றொன்று கூடைக்கும் அடுப்புச் சுவருக்கும் இடையில். அடுப்பை 140 டிகிரிக்குக் கொண்டுபோய் 24 மணி நேரம் அங்கேயே வைத்திருக்க வேண்டும். பொருள் தீப்பற்றினாலோ, நடுவில் இருக்கும் வெப்பநிலை அடுப்பைவிட 60 டிகிரி கூடி 200ஐத் தாண்டினாலோ, அது தானாகச் சூடாகும் பொருள்.

தாண்டியவற்றை மட்டும் அடுத்ததாக 2.5 சென்டிமீட்டர் கூடையில் வைத்துப் பார்க்கிறோம். கூடையின் அளவைக் குறைப்பதால் என்ன தெரியப்போகிறது என்று புதிதாக வேலைக்கு வருபவர்கள் கேட்பதுண்டு. ஒரு முறை பார்த்துவிட்டால் பிறகு கேட்கமாட்டார்கள். ஒரே டப்பாவிலிருந்து எடுத்த தூள், ஒரே அடுப்பு, ஒரே 140 டிகிரி. பெரிய கூடையில் சில மணி நேரத்தில் 200ஐக் கடந்து தணலாகிப் போன அதே பொருள், சிறிய கூடையில் நாள் முழுவதும் அடுப்பின் வெப்பநிலையிலேயே சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். அதன் வேதியியல் ஒரு துளியும் மாறவில்லை. அளவு மட்டுமே மாறியிருக்கிறது.

காரணம் கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரிந்ததுதான். ஈரம் காயாத வைக்கோலைப் போர் போட்டுவிட்டால் சில நாளில் உள்ளே கையை விட முடியாது. அதே வைக்கோலைக் களத்தில் பரப்பிப் போட்டால் ஒன்றும் ஆவதில்லை. வைக்கோலில் முதல் சூட்டை நுண்ணுயிர்கள் உண்டாக்குகின்றன, அவை தாங்க முடியாத சூடு வந்த பிறகுதான் ஆக்சிஜனேற்றம் பொறுப்பேற்கிறது என்பது ஒரு வேறுபாடு. மற்றபடி கணக்கு ஒன்றே: சூடு பொருளின் பருமன் முழுவதிலும் பிறக்கிறது, ஆனால் வெளிப்பரப்பு வழியாக மட்டுமே வெளியேறுகிறது. பக்கத்தை இரண்டு மடங்காக்கினால் பருமன் எட்டு மடங்காகிறது, பரப்பு நான்கு மடங்குதான் ஆகிறது. தூள்களுக்கு இன்னொரு கேடும் உண்டு. துகள்களுக்கு இடையே காற்று தங்கியிருப்பதால் அவை சூட்டை மிக மோசமாகக் கடத்துகின்றன. நடுவில் பிறந்த சூடு அங்கேயே அடைபட்டு, வினையை இன்னும் விரைவாக்கி, மேலும் சூட்டைப் பிறப்பிக்கிறது.

சூடு பிறக்கும் வேகமும் வெளியேறும் வேகமும் எங்கே சமநிலை குலைகின்றன என்பதை 1928ஆம் ஆண்டில் ரஷ்ய வேதியியலாளர் நிகொலாய் செமியோனவ் கணக்காக்கினார். 1956ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். பொருளின் உள்ளே வெப்பநிலை ஒரே சீராக இருக்கிறது என்பது அவருடைய எளிமையான அனுமானம். அதை விலக்கி, நடுவில் அதிகமும் ஓரத்தில் குறைவுமாகச் சூடு பரவியிருக்கும் நிலையை 1930களின் இறுதியில் சோவியத் இயற்பியலாளர் ஃபிராங்க்-கமெனெட்ஸ்கி ஆராய்ந்தார். அவருடைய சமன்பாட்டில் அளவு இருமடியாக வருகிறது. அந்தச் சமன்பாடு தரும் எண் ஒரு வரம்பைத் தாண்டினால், கனசதுரத்துக்கு அந்த வரம்பு ஏறத்தாழ 2.5, நிலையான வெப்பநிலை என்ற ஒன்றே சாத்தியமில்லை. பொருள் ஏறிக்கொண்டே போகும். கூடையைப் பெரிதாக்கினால் எரியத் தொடங்கும் வெப்பநிலை ஏன் இறங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது.

140 என்ற எண்

அடுப்பை ஏன் 140 டிகிரியில் வைக்கிறோம் என்பதைப் பலர் கேட்பதே இல்லை. எந்தக் கிடங்கும் எந்தக் கொள்கலனும் 140 டிகிரிக்குப் போவதில்லை. நண்பகல் வெயிலில் நிற்கும் கொள்கலனின் உட்புறம்கூட அதில் பாதியை எட்டுவது அரிது. அந்த எண் கரியிலிருந்து வந்தது. 27 கன மீட்டர் கரி, அதாவது பக்கத்துக்கு 3 மீட்டர் கொண்ட கரிக் கனசதுரம், 50 டிகிரிச் சுற்றுச்சூழலில் தானாகப் பற்றும் என்பதைக் கையேடு அடிப்படையாகக் கொள்கிறது. அதே கரியை 1 லிட்டருக்குச் சுருக்கினால் பற்றுவதற்கு 140 டிகிரி வேண்டியிருக்கும். ஆகவே எங்கள் அடுப்பில் தொங்கும் 1 லிட்டர், 27,000 லிட்டருக்கான பதிலாள். சிறிய பொதிகளுக்கு விதிகள் சலுகை தருவதும் இதே கணக்கில்தான்: 3 கன மீட்டருக்கு மிகாத பொதியில் போகும் பொருளை 120 டிகிரியிலும், 450 லிட்டருக்கு மிகாத பொதியில் போவதை 100 டிகிரியிலும் சோதித்து விலக்குப் பெறலாம்.

இந்தச் சுருக்கக் கணக்கு புத்திசாலித்தனமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது எதைச் சுருக்குகிறது, எதைச் சுருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 20 அடிக் கொள்கலன் ஒன்றின் உட்பருமன் சுமார் 33 கன மீட்டர்; 40 அடிக் கொள்கலனுடையது அதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. பைகளை இடைவெளியின்றி அடுக்கினால், கையேடு கற்பனை செய்த மூன்று மீட்டர்க் கனசதுரத்துக்குக் கிட்டத்தட்டச் சமமான ஒரு குவியல் உண்மையாகவே கிடைத்துவிடுகிறது. நேரத்தின் கதை இன்னும் விசித்திரமானது. சூடு உள்ளே புகுவதற்கு ஆகும் நேரம் அளவின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், 10 சென்டிமீட்டர்க் கூடையின் நடுப்பகுதி அடுப்பின் சூட்டை எட்ட 4 மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், முப்பது மடங்கு பெரிய குவியலுக்கு அது 900 மடங்கு, அதாவது 150 நாள். இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் எந்தக் கப்பலிலும் கரி பற்றவே கூடாது, ஏனென்றால் பயணம் அதற்குள் முடிந்துவிடும். ஆனால் கரி ஏற்றிய கொள்கலன்கள் பயணத்தின் முதல் நாள்களிலேயே, சில நேரம் துறைமுகத்தில் காத்திருக்கும்போதே, பற்றியிருக்கின்றன. அப்படியானால் அந்தக் கரி வெளியிலிருந்து சூட்டை வாங்கிக்கொள்ளக் காத்திருக்கவில்லை. சூட்டோடுதான் உள்ளே போயிருக்க வேண்டும்.

பையில் வந்ததும் தகரத்தில் வந்ததும்

இதை நான் ஏட்டளவில் அறிந்திருந்தேன். கண்ணால் பார்த்தது, கரி ஏற்றுமதி செய்யும் ஒருவர் தம் சரக்கில் ஏற்பட்ட புகைச்சலுக்குக் காரணம் தேடி ஒரே சூளையின் ஒரே ஈட்டிலிருந்து இரண்டு மாதிரிகளை அனுப்பியபோது. ஒன்று வழக்கம்போலச் சாதாரண பிளாஸ்டிக் பையில், முகவர் அலுவலகத்தின் அலமாரியில் சில வாரம் கிடந்துவிட்டு வந்தது. மற்றொன்றைச் சூளையிலிருந்து எடுத்து ஆறியதும் நைட்ரஜன் நிரப்பிய தகரத்தில் போட்டு, காற்றுப் புகாமல் மூடி அனுப்பியிருந்தார். கையில் அள்ளிப் பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. அதே கருமை, அதே மினுமினுப்பு, விரல்களில் அதே கறை.

பையில் வந்தது தேறிவிட்டது. அதன் கோடு அடுப்பின் கோட்டைத் தாண்டி, ஒரு மேடு கட்டி, இறங்கியது. தகரத்தில் வந்ததைக் காலையில் தொங்கவிட்டோம். அடுப்பின் வெப்பநிலையை அது கடந்தபோது தனியாக ஒன்றும் தோன்றவில்லை. கோடு சற்றுச் செங்குத்தாக இருந்தது, அவ்வளவுதான். மதிய உணவு முடிந்து திரும்பியபோது 160, தேநீர் நேரத்தில் 185, பிறகு பார்த்துக்கொண்டிருக்கும்போதே 200ஐக் கடந்தது. அதன் பின் கோடு வளையவே இல்லை. காகிதத்தின் விளிம்பில் வைத்துக் கிழித்ததுபோல நேராக மேலே போனது. அடுப்பை அணைத்து, நைட்ரஜனைத் திறந்துவிட்டு, முழுதும் ஆறும்வரை காத்திருந்து மறுநாள் கூடையை வெளியே எடுத்தபோது, நடுவில் ஒரு முட்டையளவுக்குச் சாம்பல் குழிந்திருந்தது. அதைச் சுற்றிக் கரி. எட்டு மூலைகளிலும் கைபடாததுபோலப் பழைய கரிக்கட்டிகள். கூடையின் வலை நடுப்பகுதியில் நீலமும் வெண்கல நிறமுமாக மாறியிருந்தது.

புதிதாகச் சுட்ட கரியின் மேற்பரப்பு ஆக்சிஜனை ஆவலோடு பிடித்துக்கொள்கிறது. காற்றுப்பட வைத்திருந்தால் அந்த ஆவல் நாள்போக்கில் தணிகிறது. தணியும்போது வெளிப்படும் சூடு, கரி மெல்லிய அடுக்காகப் பரவியிருந்தால், யாருக்கும் தெரியாமல் காற்றோடு போய்விடுகிறது. பையில் வந்த மாதிரிக்கு அலமாரியில் இருந்தபோதே இது நடந்து முடிந்திருந்தது. அதாவது சோதனைக்கூடத்துக்கு வரும் மாதிரி, வரும் வழியிலேயே சாதுவாகிவிடுகிறது. அதே ஈட்டைச் சேர்ந்த பல டன் கரியோ, சூளையின் வெதுவெதுப்பு மாறாமல், மேற்பரப்பின் பசி தீராமல், மூடிய கொள்கலனுக்குள் போகிறது. போதாததற்கு, நம் ஊர்க் காற்றின் ஈரமும் சேர்ந்துகொள்ளும். உலர்ந்த கரி நீராவியை உறிஞ்சும்போதும் சூடு வெளிப்படும். எங்கள் அடுப்பு தன்னிடம் கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் சொல்கிறது. அந்தப் பதில் அலமாரியில் கிடந்த 1 லிட்டர் கரியைப் பற்றியது. கப்பலில் ஏறிய கரி வேறு.

கடல்வழிச் சரக்குக்கான ஐஎம்டிஜி விதித்தொகுப்பும் கரி விஷயத்தில் இந்த முடிவுக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. என்.4 சோதனையில் தேறிய கரி ஆபத்தான சரக்கு அல்ல என்று முன்பு இருந்த விலக்கு நீக்கப்பட்டு, 2026 ஜனவரி 1 முதல் கட்டாயமான திருத்தத்தின்படி, கரி எப்போதும் 4.2 பிரிவில், தானாகப் பற்றக்கூடிய சரக்காகவே செல்ல வேண்டும். பொதியிடும் முன் 14 நாள் காற்றாட வைத்தல் போன்ற நிபந்தனைகள், பொதியிடும் நாளில் கரியின் வெப்பநிலை 40 டிகிரிக்கு மிகக்கூடாது என்ற வரம்பு, கொள்கலனின் மேற்புறத்தில் 30 சென்டிமீட்டர் இடைவெளி ஆகியவை விதியில் இடம்பெற்றுள்ளன. இவற்றில் ஒன்றுகூட அடுப்பைப் பற்றியதல்ல. எல்லாமே சூளைக்கும் கொள்கலனுக்கும் இடையில் நடப்பவற்றைப் பற்றியவை. எங்கள் வருமானத்தில் ஒரு பகுதி இதனால் போயிற்று என்று கூடத்தில் சிலர் வருந்தினார்கள். எனக்கு அந்த வருத்தம் வரவில்லை.

தாளில் தனியாக நிற்கும் எண்

கரிக்கு ஒரு வழி பிறந்துவிட்டது. மற்றத் திண்மங்களுக்கு அப்படியில்லை. சிங்கப்பூரில் எஸ்எஸ் 586 தரநிலையின்படி தயாரிக்கப்படும் பாதுகாப்புத் தரவுத் தாளின் 9ஆம் பகுதியைப் புரட்டுங்கள். உருகுநிலை, கொதிநிலை, அடர்த்தி என்ற வரிசையில் தானாகத் தீப்பற்றும் வெப்பநிலை என்று ஒரு வரி இருக்கும். வேதிப்பொருள்களின் ஆபத்துகளை வகைப்படுத்தும் ஒத்திசைவிக்கப்பட்ட உலக முறைமை அந்த வரியை வாயுக்களுக்கும் திரவங்களுக்கும் உரியது என்றுதான் சொல்கிறது; ஆனாலும் தூள்களின் தாள்களில் அதில் ஓர் எண் எழுதப்பட்டிருப்பதைப் பார்க்கிறேன். அந்த எண் பெரும்பாலும் ஐரோப்பிய ஏ.16 முறையில் கிடைத்தது. பக்கத்துக்கு 2 சென்டிமீட்டர் கொண்ட கூடையில், அதாவது வெறும் 8 மில்லிலிட்டர் பொருளை வைத்து, அடுப்பை நிமிடத்துக்கு அரை டிகிரி வீதம் ஏற்றிக்கொண்டே போய், பொருள் தானாகச் சூடேறி 400 டிகிரியைத் தொடும்போது அடுப்பு எந்த வெப்பநிலையில் இருந்தது என்று குறித்துக்கொள்வதுதான் அந்த முறை. அதன் பெயரிலேயே "ஒப்பீட்டு" என்ற அடைமொழி உண்டு. இரண்டு பொருள்களில் எது முந்தும் என்று ஒப்பிட்டுப் பார்க்க அது நல்ல முறை. தாளுக்குப் போகும்போது அடைமொழி உதிர்ந்துவிடுகிறது, 8 மில்லிலிட்டர் உதிர்ந்துவிடுகிறது, எண் மட்டும் மிஞ்சுகிறது.

கிடங்கு மேற்பார்வையாளர் அதை உருகுநிலையைப் படிப்பதுபோலத்தான் படிப்பார். படிக்க வேறு வழியும் இல்லை. 280 டிகிரி என்று எழுதியிருந்தால், 70 டிகிரிச் சூட்டில் உலர்த்திய தூளைச் சூடு ஆறாமலே பெரும்பையில் கொட்டி, பைகளை நெருக்கி அடுக்குவதில் தவறிருப்பதாக அவருக்கு எப்படித் தோன்றும்? 210 டிகிரி இடைவெளி இருக்கிறதே. உண்மையில், ஒரு டன் பைக்கு அந்த இடைவெளியில் எவ்வளவு மிஞ்சும் என்பதைப் பல அளவுக் கூடைகளில் சோதித்து, முடிவுகளை இணைக்கும் வரைபடக் கோட்டை நீட்டித்துத்தான் சொல்ல முடியும். அப்படிச் செய்வதற்கு இஎன் 15188 என்ற ஐரோப்பியத் தரநிலையே இருக்கிறது. செலவும் நாளும் கூடுதலாகும் என்பதால் அதைக் கேட்டு வருபவர்கள் குறைவு. ஈரத்தின் கதை தனி. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் ஹைட்ரோஸ் என்று வழங்கும் சோடியம் டைத்தயனைட் கொஞ்சம் தண்ணீர் பட்டாலே சிதையத் தொடங்கிச் சூடேறும். உலர்ந்த அடுப்பில் கிடைத்த எந்த எண்ணும் மூடி சரியாகப் பொருந்தாத பீப்பாயைப் பற்றிப் பேசாது.

2021ஆம் ஆண்டு பிப்ரவரி 24 அன்று சிங்கப்பூரின் துவாஸ் தொழிற்பகுதியில் நடந்த வெடிப்புக்குப் பிறகு தூள்களைப் பற்றிய அக்கறை இங்கே வெகுவாகக் கூடியது. உருளைக்கிழங்கு மாவுத் தூள் அந்த விபத்தில் தீயைப் பரப்பியது; மூன்று ஊழியர்கள் உயிரிழந்தார்கள். அதன் பின் எங்களிடம் வருபவர்கள் தூசிச் சோதனை வேண்டும் என்று சரியாகவே கேட்கிறார்கள். ஆனால் காற்றில் மிதக்கும் தூசி நொடியில் பற்றுவதும், எந்திரத்தின் சூடான மேற்பரப்பில் 5 மில்லிமீட்டர் கனத்துக்குப் படிந்த தூசி கனன்று தணலாவதும், குவியல் நாள்கணக்கில் உள்ளுக்குள் வேவதும் வெவ்வேறு நிகழ்வுகள். ஒவ்வொன்றுக்கும் சோதனை வேறு, கிடைக்கும் எண் வேறு. ஒரே மாவுக்கு மூன்று எண்கள் வருவதைக் கண்டு, எது சரி என்று கேட்டவர்கள் உண்டு. மூன்றும் சரி.

இப்போது எங்கள் அறிக்கைகளில், முடிவு எழுதப்படும் அதே பத்தியில், அடைப்புக்குறிக்குள்ளோ அடிக்குறிப்பிலோ தள்ளாமல், மாதிரியின் பருமன், மாதிரி எடுக்கப்பட்ட நாள், அது எந்தவகைப் பொதியில் வந்து சேர்ந்தது, அடுப்பில் எட்டிய உச்ச வெப்பநிலை ஆகியவற்றைச் சேர்த்து எழுதுகிறோம். எதிர்மறை என்று முடிந்தாலும் 170ஐத் தொட்டிருந்தால் 170 என்று இருக்கும். அந்த வாக்கியத்தை நீக்கித் தர முடியுமா, கப்பல் நிறுவனம் வீணாகக் கேள்வி கேட்கிறது என்று மின்னஞ்சல்கள் வருகின்றன. நீக்குவதில்லை. கரி அனுப்புபவர்களுக்கு இனி அந்தக் கோரிக்கையால் பயனும் இல்லை. உலோகத் தூள், நிறமி, வினையூக்கி அனுப்புபவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.